இரட்டைக் கன்றுக்கு ஓர் இங்கிலீஷ் சொல்

1. எஸ்ஸும் எஃப்பும்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே நான் ஒரு கெட்ட வார்த்தையை அடித்துவிட்டேன். வேண்டுமென்று அடிக்கவில்லை. திரையில் பழைய இங்கிலீஷ் புத்தகம் ஒன்றின் பக்கம் இருந்தது. கன்றுக்குட்டி தாயிடம் பால் குடிப்பதைப் பற்றிய வரி. அந்தக் காலத்து அச்சில் எஸ் எழுத்து பல இடங்களில் நீளமாக, பார்ப்பதற்கு எஃப் மாதிரியே இருக்கும். எனக்கு அது தெரியாது. கண்ணுக்கு எஃப் என்று பட்டது, எஃப் என்று அடித்தேன். பால் குடிக்க வேண்டிய கன்று வாயில் சொல்ல முடியாத காரியத்தைச் செய்யத் தொடங்கிவிட்டது.

பக்கத்து சீட்டுப் பெண்கள் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். டீம் லீடர் பிஜு வந்து பார்த்தார். பாலக்காடு டவுன்காரர், என்னைவிடப் பத்து வயது இளையவர். காதுவரை சிவந்துபோனார்.

"சாந்தாமணி சேச்சி, இது எஃப் இல்ல. பழைய காலத்து எஸ். இந்த ஒண்ணை மட்டும் வேகமா மாத்திருங்க, ப்ளீஸ்."

"எனக்கும் சந்தேகந்தானுங்க சார். எந்தக் கன்னுக்குட்டியும் இப்படிப் பண்ணாதுன்னு தோணுச்சு. நீங்கதான் கண்ணுல பாத்ததை அடிக்கோணும், அர்த்தம் பாக்கக் கூடாதுன்னு சொன்னீங்க."

அவர் சொன்னது சரிதான். எங்கள் தொழிலின் முதல் விதி அது. வெளிநாட்டு நூலகங்களும் பதிப்பகங்களும் பழைய புத்தகங்களைப் படம்பிடித்து அனுப்பும். ஒரே பக்கத்தை இரண்டு பேர் தனித்தனியாக அடிப்போம். கம்ப்யூட்டர் இரண்டையும் ஒப்பிட்டு, வித்தியாசம் வந்த இடத்தில் சிவப்புக் கோடு போடும். அர்த்தம் பார்த்து அடிக்கிறவர் தன்னையறியாமல் எழுத்தைத் திருத்திவிடுவார். அதனால் அர்த்தம் தெரியாமல் அடிப்பதுதான் நல்ல வேலை. அகராதியில் இல்லாத சொல் வந்தாலும் நின்று யோசிக்கக் கூடாது, எழுத்து எழுத்தாக அடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

எங்கள் ஆபீஸ் பாலக்காட்டை அடுத்த சித்தூரில், ஒரு துணிக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. நான் மீனாட்சிபுரத்திலிருந்து பஸ்ஸில் வருவேன். காலேஜில் இங்கிலீஷ் இலக்கியம் படித்துவிட்டு மாட்டுக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். பிள்ளைகள் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போன பிறகுதான் இந்த வேலைக்கு வந்தேன். விடியுமுன் பால் கறந்து, சங்கத்தில் ஊற்றிவிட்டு, கைக்குச் சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டுக் கிளம்பினாலும், ஏசி ரூமில் உட்கார்ந்தால் என் மேல் லேசாக மாட்டு வாசம் அடிப்பதாக எனக்கே தோன்றும். அதற்குக் கொஞ்ச காலம் கூச்சப்பட்டேன்.

2. தேனீயா, சீம்பாலா

நாளாவட்டத்தில் கையால் அடிக்கிற வேலை குறைந்துவிட்டது. மிஷினே படத்தைப் பார்த்து எழுத்தைப் படிக்கிறது. அது தப்பாகப் படித்ததைத் திருத்துவதும், படித்ததை வகை பிரிப்பதும்தான் இப்போது மனிதர் வேலை. வகை பிரிப்பதை டேகிங் என்போம். அந்த வேலைக்கு அர்த்தம் தெரிய வேண்டும். இத்தனை வருடம் அர்த்தம் பார்க்காதே என்று சொன்ன வாயால் பிஜு சார் இப்போது அர்த்தம் பார்க்கச் சொன்னார்.

நான் சொல்லப்போகும் பிராஜெக்ட் அப்போது வந்ததுதான். இங்கிலாந்தின் கிராமப்புறங்களில் குடியானவர்கள் பேசிய சொற்களை யாரோ ஊர் ஊராகப் போய்ச் சேகரித்து அச்சிட்ட பழைய சொற்கோவை. ஒவ்வொரு சொல்லுக்கும் நாங்கள் இரண்டு டேக் போட வேண்டும். ஒன்று, அது எதைப் பற்றியது: விலங்கு, கருவி, உணவு, நோய், பருவம் என்று. இன்னொன்று, அது இன்றைக்கும் வழக்கில் இருக்கிறதா, வழக்கிழந்ததா. இரண்டாவதற்கு வழி சுலபம். வேலை செய்யும் ஹாலில் இன்டர்நெட் கிடையாது, செல்போனை வாசலில் லாக்கரில் வைத்துவிட வேண்டும். கம்பெனி கொடுத்த ஓர் அகராதி ஃபைல் மட்டும் உண்டு. சொல் அதில் இருந்தால் வழக்கில் உள்ளது. இல்லாவிட்டால் வழக்கிழந்தது. மூன்றாவது பொத்தானே கிடையாது.

அந்தச் சொற்கோவையில் பாதி இடங்களில் விளக்கம் இருக்காது, இன்ன சொல்லைப் பார்க்க என்று மட்டும் இருக்கும். அங்கே போனால் அது இன்னொரு சொல்லைப் பார்க்கச் சொல்லும். பீஸ்டிங்ஸ் என்று ஒரு சொல் வந்தது. பிஜு சார் அதைத் தேனீ கொட்டுவது என்று எடுத்துக்கொண்டு, பூச்சி என்று டேக் போட்டு வைத்திருந்தார். யாராயிருந்தாலும் அப்படித்தான் போட்டிருப்பார்கள். அந்தச் சொல்லின் தோற்றம் அப்படி. நான் சரிபார்க்கும்போது அது சுட்டிய இடங்களுக்கெல்லாம் போய்ப் பார்த்தேன். கடைசியில் ஓர் இடத்தில், பசு ஈன்றதும் முதலில் கறக்கும் கெட்டியான மஞ்சள் பால் என்று இருந்தது.

"சார், இது சீம்பாலுங்க."

"அதென்ன சேச்சி?"

டவுனில் பிறந்து பாக்கெட் பாலில் வளர்ந்தவருக்கு எப்படிச் சொல்வது? அந்த மாதம் எங்கள் வீட்டு மாடு ஈன்றது. கன்று குடித்ததுபோக இருந்த சீம்பாலில் வெல்லமும் ஏலக்காயும் போட்டு ஆவியில் வேகவைத்து, கட்டியானதும் துண்டு போட்டுத் தூக்குப்போசியில் கொண்டுபோனேன். பிஜு சார் ஒரு துண்டை வாயில் போட்டார். கண்ணை மூடிக்கொண்டார்.

"சேச்சி, இது வழக்கிழந்த சொல்லுன்னு நம்ம ரிப்போர்ட்ல போட்டிருக்கோம்."

"போடுங்க சார். பண்டம் வழக்குல இருக்குதில்லீங்க."

எல்லோரும் சிரித்தோம். அன்றிலிருந்து மாட்டுச் சொற்களெல்லாம் என் பக்கம் தள்ளப்பட்டன. எனக்கு அது பிடித்திருந்தது. ஹோவன் என்றால் ஈரப்புல்லைத் தின்று வயிறு உப்பிக்கொண்ட மாடு. கார்கெட் என்றால் மடி வீங்கிக் கட்டிக்கொள்வது. ஆஃப்டர்மேத் என்ற சொல்லை நாம் பேப்பரில் வெள்ளத்துக்குப் பிறகு, சண்டைக்குப் பிறகு என்று எழுதுகிறோம். அந்தக் குடியானவனுக்கு அது புல் அறுத்த பிறகு கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும் தீவனம். எங்கள் ஊரில் மறுதாம்பு என்போமே, அது. மேத் என்றால் அறுப்பு என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. காலேஜில் அந்தச் சொல்லைப் பரீட்சையில் எழுதியிருக்கிறேன். புல் வாசனையோடு அது என் முன்னால் வந்து நின்றது அப்போதுதான்.

மாட்டு வாசத்துக்குக் கூச்சப்படுவதை நிறுத்தியதும் அந்த நாட்களில்தான்.

3. பாப்பாத்தியக்கா வீட்டுக் கிடாரி

எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீடு பாப்பாத்தியக்காவுடையது. கணவர் இல்லை. மகன் கார்த்தி கோயம்புத்தூரில் மில் வேலைக்குப் போய், சனிக்கிழமை வருவான். வீட்டில் அக்காவும் மருமகள் கௌசல்யாவும்தான். இரண்டு கறவை மாடு, இன்னும் கன்று ஈனாத ஒரு கிடாரி. ஜெர்சிக் கலப்பு, செவலை, நல்ல வளர்த்தி. அது கன்றாக இருக்கும்போதே நல்லேப்பிள்ளியிலிருக்கும் அண்ணன் வீட்டிலிருந்து அக்கா ஓட்டிக்கொண்டு வந்தது.

அந்தக் கிடாரி சினைப்படவில்லை. வயது தாண்டிக்கொண்டிருந்தது. ஆரம்பத்தில் அது பருவத்துக்கே வரவில்லை. பிறகு மருந்து கொடுத்து, ஊசிக்காரர் வந்து சினை ஊசி போட்டுப் பார்த்தார். மறுபடி போட்டார். நிற்கவில்லை.

ஒருநாள் சாயங்காலம் பால் சங்கத்தில் வரிசையில் நின்றபோது அக்கா எல்லோர் முன்னாலும் சொன்னார்:

"இந்தத் தடவையும் நிக்கல சாந்தா. மருமக வந்து வருசம் ஒண்ணாச்சு. ஊட்டுக்குள்ளயும் ஒண்ணுங் காணோம், கட்டுத்தரையிலயும் ஒண்ணுங் காணோம். வந்த நேரம் அப்படி."

கௌசல்யா நாலடி தள்ளி நின்று குழாயில் பால்கேனைக் கழுவிக்கொண்டிருந்தாள். கேட்காமல் இருக்க வழியில்லை. கழுவிய கேனையே மறுபடி மறுபடி கழுவினாள். எனக்கு வரிசையில் நிற்கவே முடியவில்லை.

"அக்கா, மாட்டுக்கும் புள்ளைக்கும் என்னங்க சம்மந்தம்?" என்றேன்.

"உனக்கென்ன, படிச்சவ, அப்படித்தான் சொல்லுவ. சோசியர் பாத்துச் சொல்லியிருக்காரு. அவளுக்கு நேரஞ் செரியில்லியாமா. கொஞ்ச நாளைக்குத் தாய் ஊட்ல இருக்கட்டும்னு சொன்னாரு. கார்த்தி வந்ததும் பேசோணும்."

கௌசல்யா உடுமலைப் பக்கத்துப் பெண். மாடு கன்றோடு வளர்ந்தவள். வந்த புதிதில் கட்டுத்தரையில் அவள் வேலை செய்வதைப் பார்க்கவே அழகாக இருக்கும். அந்தக் கிடாரி அவள் குரல் கேட்டால் கழுத்தைத் திருப்பும். இப்போது அக்கா அவளை அதன் பக்கம் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார். கறவை மாடுகளைப் பார்த்துக்கொள்ளலாம், கிடாரிக்குத் தண்ணீர் காட்டக் கூடாது, தொடக் கூடாது. ஒருநாள் நான் அந்த வழியாக வந்தபோது அவள் வேலியோரம் நின்று கிடாரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன கௌசல்யா, சாப்புட்டியா?"

"ஆச்சுங்க அக்கா." கொஞ்சம் பொறுத்து, "ஊருக்கு அனுப்புனா மறுபடி கூப்புட்டுக்குவாங்களாங்க அக்கா?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல, போ," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து அடுப்பு பற்ற வைத்த பிறகும் அந்தக் கேள்வி கூடவே இருந்தது.

4. எஃப் வரிசையில் வந்த சொல்

அந்த வாரம் ஆபீஸில் சொற்கோவையின் எஃப் வரிசை ஓடிக்கொண்டிருந்தது. ஃபிரீமார்ட்டின் என்று ஒரு சொல் வந்தது. அகராதி ஃபைலில் தேடினேன். இல்லை. விலங்கு, வழக்கிழந்தது என்று இரண்டு பொத்தானையும் அழுத்திவிட்டு அடுத்த சொல்லுக்குப் போனேன். போன கை நின்றது. திரும்பி வந்து விளக்கத்தை இன்னொரு தடவை படித்தேன்.

காளைக் கன்றோடு இரட்டையாகப் பிறந்த பெண் கன்று. ஒருபோதும் ஈனாது. வளர வளர எருதின் சாயல் வரும். மடி கட்டாது. பின்பக்கம் கற்றையாக மயிர் நீண்டிருக்கும். குடியானவர்கள் இதைப் பாலுக்கு வைத்துக்கொள்ள மாட்டார்கள். இவ்வளவுதான் அந்தக் குறிப்பின் சாரம்.

பாப்பாத்தியக்கா வீட்டுக் கிடாரியின் தடித்த கழுத்து ஞாபகம் வந்தது. அதன் பின்பக்கம் நீண்டிருக்கும் மயிரைப் பார்த்து, இதென்ன இப்படித் தாடி வெச்சிருக்குது என்று ஊசிக்காரர் ஒருநாள் கேலி செய்ததும் ஞாபகம் வந்தது. மீதி நேரம் எனக்கு வேலையே ஓடவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தும் வெளியே எதையும் பார்க்கவில்லை.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் தீவனம் கலக்கிக்கொண்டே கேட்டார். "அடுத்தவங்க ஊட்டு விசயம். தப்பாப் போச்சுன்னா அந்தக்கா உன்னோட பேசாது. அந்தப் புள்ளைக்கும் இன்னும் கஷ்டம்."

"செரியாப் போச்சுன்னா?"

அவர் கையை உதறிவிட்டு நிமிர்ந்தார். "அப்பப் போய்க் கேட்டுட்டு வா. ஆனா மொதல்ல கேளு, சொல்லாத."

அது நல்ல யோசனையாக இருந்தது. அக்கா வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, டீ குடித்து, அதையும் இதையும் பேசி, பிறகு மெதுவாகக் கேட்டேன்.

"அக்கா, அந்தக் கிடாரி பொறந்தப்ப ஒத்தக் கன்னுங்களா, ரெட்டையுங்களா?"

"ஒத்தக் கன்னுதா. ரெட்டையா இருந்தா எங்கண்ணன் சொல்லியிருக்க மாட்டானா?"

"ஒருக்கா போன் போட்டுக் கேளுங்களேன்."

"எதுக்கு இப்ப?"

"எனக்கு ஒரு சந்தேகமுங்க. கேட்டுட்டுச் சொல்றேன்."

அக்கா முணுமுணுத்துக்கொண்டே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அந்தப் பக்கம் அண்ணன் வயலில் இருந்தார் போல. தண்ணீர் மோட்டார் சத்தம் கேட்டது. அக்கா கேட்டதும் சர்வசாதாரணமாகச் சொன்னார்:

"ஆமா, ரெட்டைதா. கூடப் பொறந்தது காளைக் கன்னு. அன்னைக்கே செத்துப்போச்சு. ஏன், என்ன இப்ப?"

"இத்தன நாள் நீ சொல்லவே இல்லியே அண்ணா!"

"செத்ததப் போய் எதுக்குச் சொல்லோணும்? உசுரோட இருந்ததத்தானே உனக்குக் குடுத்தேன்?"

அக்கா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் புத்தகத்தில் படித்ததைச் சொன்னேன். சமையலறை வாசலில் கௌசல்யாவின் நிழல் அசையாமல் நின்றது எனக்குத் தெரிந்தது. அக்கா முழுவதும் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"அது இங்கிலீஷ்காரன் மாடு சாந்தா. அவன் ஊர் மாடு வேற, நம்ம மாடு வேற."

"நம்ம மாடும் பாதி அந்தப் பக்கத்து மாடுதானுங்க அக்கா. ஜெர்சின்னா எங்கிருந்து வந்ததுன்னு நெனச்சீங்க?"

அக்காவுக்குச் சட்டென்று சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "எதுக்கும் டாக்டரம்மாகிட்டக் காட்டலாம். ஆனா ஒண்ணு, புஸ்தகம் பொய்யின்னு ஆச்சுன்னா நீ இதுல தலையிடக் கூடாது," என்றார்.

சரி என்றேன். சொல்லிவிட்டு வெளியே வந்தேன். எப்போதோ அச்சான புத்தகத்தின் ஆறு வரியை நம்பி ஒரு பெண்ணின் வாழ்க்கையில் கை வைத்துவிட்டேனே என்று பயமாக இருந்தது.

5. டாக்டரம்மா

மிருகாஸ்பத்திரி டாக்டர் இளம் பெண். திருச்சூர் பக்கம். அதுவரை இந்தக் கிடாரியை அவரிடம் யாரும் காட்டியதே இல்லை, ஊசிக்காரரோடு நின்றுவிட்டது. அவர் வந்த அன்று நான் லீவு போட்டிருந்தேன்.

கிடாரி டாக்டரை நெருங்க விடவில்லை. காலை உதைத்தது, கயிற்றை முறுக்கியது. அக்கா பிடித்தார், நான் பிடித்தேன், நடக்கவில்லை. டாக்டர் சலித்துப்போய், "இதுக்கு ஆரையாவது பழக்கம் உண்டா?" என்று கேட்டார்.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற கௌசல்யா அக்காவைப் பார்த்தாள். அக்கா பார்வையைத் திருப்பிக்கொண்டு, "வா புள்ள, வந்து புடி," என்றார்.

அவள் வந்து கழுத்தைத் தடவினாள். காதுக்குப் பக்கத்தில் ஏதோ சொன்னாள். கிடாரி நின்றது. டாக்டர் நீளக் கையுறை போட்டுக்கொண்டு பரிசோதித்தார். கையை எடுத்துக் கழுவிக்கொண்டே கேட்டார்:

"இது இரட்டையா ஜனிச்சதா?"

"ஆமாங்க," என்றார் அக்கா. "கூடப் பொறந்தது காளைக் கன்னுங்க."

"அதை ஆரும் சொல்லலையே. சொல்லியிருந்தா இத்தனை ஊசி வேண்டாமாயிருந்தது. இது ஃபிரீமார்ட்டின்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தச் சொல்லை நான் அவரிடம் சொல்லவே இல்லை. அடிமண்ணிலிருந்து தோண்டியெடுத்த காசை யாருக்கும் காட்டாமல் மடியில் முடிந்து வைத்திருப்பவள் மாதிரி இத்தனை நாள் இருந்தேன். அவர் அதே காசைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துப் பஸ்ஸுக்குக் கொடுப்பதுபோல் எடுத்துக் கொடுத்துவிட்டார்.

"டாக்டர், இந்தச் சொல் இப்பவும் புழக்கத்துல இருக்குதுங்களா?"

"பின்னே? எங்க எல்லா புக்கிலயும் உண்டு. நான் பரீட்சைக்கு எழுதினதாணு. ஏன் சேச்சி?"

"ஒண்ணுமில்லீங்க," என்றேன். அது செத்துப்போனது என்று நான்தான் போன வாரம் சர்ட்டிபிகேட் கொடுத்தேன் என்று எப்படிச் சொல்வது?

டாக்டர் அக்காவுக்குப் புரியும்படி நிதானமாக விளக்கினார். தாய் வயிற்றுக்குள் இரண்டு கன்றுக்கும் ரத்தம் கலந்துவிடும். காளைக் கன்றின் சத்து பெண் கன்றுக்குள் போய், அதன் கர்ப்பப்பை வளராமல் நின்றுவிடும். இப்படிப் பிறப்பதில் எப்போதாவது ஒன்றிரண்டு தப்பிப்பதுண்டு. இது தப்பவில்லை. இனி மருந்தும் ஊசியும் வேண்டாம்.

நான் கேட்க வேண்டிய ஒரே கேள்வி பாக்கி இருந்தது. கௌசல்யா காதில் விழும்படி கேட்டேன்.

"அப்ப இது எப்ப முடிவானதுங்க டாக்டர்?"

"தாய்ப் பசுவின் வயித்துக்குள்ள இருக்கும்போதே. இந்த வீட்டுக்கு வரும் முன்னாடியே."

டாக்டர் பையை எடுத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பிப் போனார். கௌசல்யா கிடாரியின் கழுத்தில் நெற்றியை வைத்து நின்றாள். அழுதாளா என்று தெரியவில்லை, முகம் அந்தப் பக்கம் இருந்தது. பாப்பாத்தியக்கா மன்னிப்புக் கேட்கிற ஆள் இல்லை. முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டார். வாசல்வரை போனார். அங்கிருந்து திரும்பாமலே சொன்னார்:

"பருத்திக்கொட்ட ஊற வெச்சிருக்குது. ஆட்டி எடுத்துக் கிடாரிக்கு வையி கண்ணு."

அந்த வீட்டில் அவளைக் கண்ணு என்று கூப்பிட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கௌசல்யாவும் அதைக் கவனித்தாள். "செரிங்க அத்தை," என்று சொல்லிவிட்டு ஆட்டுக்கல் பக்கம் போனாள்.

சனிக்கிழமை கார்த்தி வந்தான். சோசியர் பேச்சு எடுக்கப்படவில்லை. சில நாள் கழித்துக் கௌசல்யா தாய் வீட்டுக்குப் போனாள், அவளாகவே கேட்டு, தம்பி கல்யாண ஜவுளி எடுக்க. நாலாம் நாள் கை நிறைய முறுக்கோடு திரும்பி வந்தாள். பஸ் ஸ்டாப்பில் அவளைக் கூட்டிவரப் போனது பாப்பாத்தியக்காதான்.

கிடாரியை விற்றுவிடலாம் என்று ஒரு புரோக்கர் வந்தார். சினை நிற்கும் என்று சொல்லி விற்றால் நல்ல விலை என்றார். "மருமகளைக் கேட்டுச் சொல்றேன்," என்றார் அக்கா. மருமகள் வேண்டாம் என்றாள். வீட்டில் சாண எரிவாயு அடுப்பு இருக்கிறது, சாணத்துக்காவது நிற்கட்டும் என்று முடிவாயிற்று. தின்னும் தீவனத்துக்குக் கணக்குப் பார்த்து அக்கா இன்றைக்கும் புலம்புவார். புலம்பிக்கொண்டேதான் தண்ணீர் காட்டுகிறார்.

6. மூன்றாவது பொத்தான்

டாக்டர் வந்துபோன மறுநாளே ஆபீஸுக்குப் போய் பிஜு சாரிடம் நடந்ததைச் சொன்னேன். கதை கேட்பதுபோல ரசித்துக் கேட்டார். ஃபிரீமார்ட்டினின் டேகை மாற்ற வேண்டும் என்றதும் முகம் மாறியது.

"சேச்சி, அந்த பேட்ச் கிளையன்ட்டுக்குப் போயாச்சு. இப்ப திருத்தினா நம்ம கணக்குல எர்ரரா விழும்."

"ஒண்ணு மட்டும் இல்லீங்க சார். அந்த ஃபைல்ல இல்லாததையெல்லாம் செத்துப்போச்சுன்னு குத்தியிருக்கோம். அதுல எத்தன சொல்லு எந்த ஆஸ்பத்திரியில, எந்தப் பட்டறையில உசுரோட இருக்குதோ? நமக்கு எப்படித் தெரியும்?"

சீம்பால் தின்ற மனிதர், நியாயம் புரியாமல் போகாது. "சரி, கொஸ்டினா எழுதுவோம். தப்புன்னு எழுத வேண்டாம், சந்தேகம்னு எழுதுவோம்," என்றார். இரண்டு பேரும் உட்கார்ந்து எழுதினோம். மெயிலில் பாப்பாத்தியக்கா வீட்டுக் கிடாரியையும் சேர்க்கலாமா என்று கேட்டேன். கிளையன்ட் மெயிலில் மாடெல்லாம் வேண்டாம் என்றார். பிறகு அவரே இரண்டு வரி சேர்த்தார்.

பதில் வர ஒரு வாரம் ஆயிற்று. அந்த ஒரு வாரமும் டீமில் யாரும் என்னிடம் சரியாகப் பேசவில்லை. எர்ரர் விழுந்தால் எல்லோருக்கும்தானே விழும்? மதியச் சாப்பாட்டுக்குத் தனியாக உட்கார்ந்தேன். எனக்கு வருத்தம்தான், ஆனால் கோபம் வரவில்லை. அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் இருந்திருப்பேன்.

பதில் எழுதியவர் அந்தச் சொற்கோவைக்குப் பொறுப்பான எடிட்டர். தாங்கள் கொடுத்த அகராதி ஃபைல் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கானது, அதை அளவுகோலாக வைத்தது தங்கள் பக்கத்துத் தவறு, எங்கள் கணக்கில் எர்ரர் சேராது என்று எழுதியிருந்தார். வழக்கிழந்தது என்று குத்திய எல்லாவற்றையும் மறுபடி பார்க்கச் சொல்லி, அதற்கு வேண்டிய நாளும் கொடுத்தார். திரையில் புதிதாக ஒரு பொத்தான் சேர்ந்தது. எங்களுக்குத் தெரியவில்லை என்பது அதன் பெயர். கடைசி வரியில், கிடாரி எப்படியிருக்கிறது என்று கேட்டிருந்தார். பிஜு சார் அதை எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டினார். அன்று மதியம் என் மேஜையில் உட்கார இடமில்லை.

இப்போது புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் வாரம் நான்தான் பயிற்சி கொடுக்கிறேன். எல்லோரும் என்னைவிட நன்றாகப் படித்தவர்கள், வேகமாக வேலை செய்கிறவர்கள். அவர்களுக்குக் கஷ்டமாக இருப்பது அந்த மூன்றாவது பொத்தானை அழுத்துவதுதான். அழுத்தினால் தங்களுக்கு அறிவு குறைவு என்று ஆகிவிடுமோ என்று தயங்குகிறார்கள். வழக்கிழந்தது என்று குத்திவிட்டால் கௌரவமாக இருக்கிறது, வேலையும் முடிந்துவிடுகிறது.

அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். நீங்கள் கேள்விப்படாத சொல்லை உலகத்தில் யாரும் பேசவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். எங்கோ ஒருத்தர் காலையில் எழுந்து அதை வைத்துத்தான் பிழைக்கிறார். ஒரு சொல் செத்தது என்று எழுதும் அதிகாரத்தை உங்களுக்கு யார் கொடுத்தாலும், அதை வாங்கிக்கொள்ளும் முன் கொஞ்சம் யோசியுங்கள். தெரியவில்லை என்று குத்துங்கள். தெரிந்தவர் யாராவது பின்னால் வந்து, நான் தினமும் சொல்கிற சொல்தானே இது என்று திருத்திவிட்டுப் போகட்டும்.